பதினெட்டு நிமிடக் கலவை

மார்ச் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வானம் தெளிவு. வெப்பம் பதினாறு டிகிரி. காற்றின் ஈரப்பதம் நாற்பத்தொன்பது விழுக்காடு. மேற்கிலிருந்து மெல்லிய காற்று. மழை: இல்லை. தரையில் ஈரம்: இல்லை.

இவ்வளவையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் அவள் முதல் ரெசின் டின்னின் மூடியைத் திறந்தாள். வீட்டு வாசலிலிருந்து தெருவரை கார் செல்லும் பாதைகளைக் கல்லும் ரெசின் என்ற செயற்கைப் பிசினும் கலந்து அமைப்பது அவளும் அவள் கணவரும் செய்துவந்த தொழில். அவள் கலப்பாள், அவர் கரணையால் தேய்த்துச் சமன் செய்வார். உரிமம் அவள் பெயரில் இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் அவள் எழுதாத நாளோ, எழுதாமல் திறந்த டின்னோ கிடையாது. தொழிலில் இருந்தவர்கள் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு அவள் கணவருக்கு மட்டும் இருந்தது.

ரெசின் தண்ணீருக்குப் பரம எதிரி. சூளையில் உலர்த்திய கல்லோடு கலந்து பரப்பினால், இறுகிய பின் இருபது ஆண்டுகள் அசையாது. இறுகுவதற்குமுன் ஒரு கை நீர் பட்டால் உள்ளுக்குள் நுரைத்து, பல்லில்லாதவன் கடித்தாலும் உதிரும் ரஸ்க்காகிவிடும். கலவையைத் தரையில் கொட்டியதிலிருந்து பதினெட்டு நிமிடம். அதற்குள் தேய்த்து முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு தழும்பு நிலைத்துவிடும். ஆகவே அவள் கணவர் வேலை நேரத்தில் நெற்றியில் ஒரு துணியும் மணிக்கட்டுகளில் இரண்டு துணியும் கட்டிக்கொள்வார். வியர்வையில் ஒரு சொட்டுக்கூடக் கலவையில் விழுந்ததில்லை.

“என்னங்க, நெத்தித் துணி நனைஞ்சிருச்சு. மாத்துங்க.”

“இப்பதானே மாத்தினேன்?”

“பத்து நிமிஷம் ஆச்சு.”

“பொண்ணு பார்க்க வந்தப்பவே உங்க வீட்டுல சொல்லியிருக்கலாம், பொண்ணோட கூடவே ஸ்டாப்வாட்சும் வரும்னு.”

“சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா? பதினாலு நிமிஷம் இருக்கு. கை ஓடட்டும்.”

அந்த வாசல் இரண்டு வீடுகளுக்குப் பொது. அண்ணன் ஒரு வீட்டில், தம்பி அடுத்த வீட்டில். அண்ணன் கான்கிரீட் லாரிகள் வைத்திருந்தவர். தன் கார் நிறுத்துமிடத்தின் முன்னால் ஒன்பது ஆண்டுகளுக்குமுன் தன் லாரியிலிருந்தே ஒரு கான்கிரீட் பட்டை போட்டிருந்தார். மீதிப் பாதை பழைய தார்த்தளம். தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தம்பி தானாக ஒரு முடிவெடுத்து, அந்தத் தார்த்தளத்தின்மேல் ரெசின் போடச் சொல்லியிருந்தார்.

“அண்ணன் ஊர்ல இல்லைங்க. அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்ல?” என்று காலையில் மூன்று முறை கேட்டார்.

“ரெசினுக்கு அண்ணன் தம்பியெல்லாம் தெரியாதுங்க,” என்றாள் அவள். “அதுக்குத் தெரிஞ்சது பதினெட்டு நிமிஷம்தான்.”

அண்ணன் பதினொன்று பத்துக்கு வந்தார். ஆள் பருமன் இல்லை. ஆனால் அவர் லாரியிலிருந்து இறங்கியபோது தம்பி இரண்டடி பின்வாங்கியதை அவள் கவனித்தாள். கலவை கொட்டி ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

“யாரைக் கேட்டுடா என் வாசல்ல கை வச்ச?”

“நம்ம வாசல்ணே. பாதி என்னோடது.”

“உன் பாதியா? இரு, உனக்குப் பாதி தர்றேன்.”

கல் வாரும் மண்வாரி வண்டியில் சாய்ந்திருந்தது. அண்ணன் அதை எடுத்தார், அளவு பார்ப்பவரைப்போல ஒருமுறை கையில் எடை பார்த்தார், வீசினார். தகட்டின் விளிம்பு தம்பியின் இடது காதில் பட்டது. காது மேல்பக்கம் கிழிந்து தொங்கியது. தம்பி சத்தம் போடவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, தன் வீட்டு வாசலை நோக்கி, புதுக் கலவையின்மேலேயே தள்ளாடி நான்கு அடி நடந்தார். ஒவ்வோர் அடியிலும் நின்றார். நின்ற இடத்திலெல்லாம் விரலிடுக்கு வழியாக ரத்தம் கொட்டியது.

“கீழே இறங்குங்க! கலவை மேல நிக்காதீங்க!” என்று அவள் கத்தினாள். அவர் இறங்கவில்லை. கலக்கும் துடுப்பின் மழுங்கிய முனையை அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். தம்பி புல்தரையில் மல்லாந்து விழுந்தார். அண்ணன் மண்வாரியைப் போட்டுவிட்டு, அவர் விலாவில் இரண்டு உதை விட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“நிறுத்திடலாமா?” என்றார் கணவர். அவர் முகம் வெளுத்திருந்தது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “எட்டு நிமிஷம் இருக்கு. தேய்ங்க.”

அவர் தேய்த்தார். தம்பி தேர்ந்தெடுத்திருந்த கல் செம்பழுப்பு. காலடித் தடங்களும் ரத்தமும் கரணையின் கீழ் இருந்த இடம் தெரியாமல் போயின. தம்பியின் மனைவி ஓடிவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தபோது, வேலையில் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. மாலையில் அவள் பதிவேட்டை முடித்தாள்: இடையூறு: இல்லை. ஈரம்: இல்லை. பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. மழை, பனி, வியர்வை, வாளி நீர் ஆகியவற்றை ஈரம் என்று அவள் அறிந்திருந்தாள். அன்று கண்டது குடும்பச் சண்டை.

பத்து மாதம் கழித்து உரிமக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. ரெசின் பாதை ஓராண்டுகூடத் தாங்காமல் நான்கு இடங்களில் பெயர்ந்துவிட்டது என்றும், மொத்தத்தையும் பெயர்த்துக் கான்கிரீட் போட வேண்டும் என்றும் வீட்டுக்காரர்கள் இருவரும் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரி பதினெட்டு அன்று அங்கேயே விசாரணை. வேலையில் குறை என்று தீர்ப்பானால் உரிமம் ரத்து. உரிமம் போனால் ஒரு டின் ரெசின்கூட அவள் கைக்கு வராது.

அவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். நான்கு குழிகள். கல் உதிர்ந்த இடத்தில் அடியில் வெள்ளையாக நுரை இறுகிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் நேற்றுப் போட்டதைப்போல் இருந்தது. ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் நடுவே நாடாவை வைத்து அளந்தாள். எழுபது சென்டிமீட்டர், அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு. தள்ளாடும் மனிதனின் ஓர் அடி. நான்கும் சேர்ந்து தம்பியின் வாசலை நோக்கிப் போயின.

வேனில் உட்கார்ந்து பழைய பதிவேட்டைத் திறந்தாள். ‘ஈரம்: இல்லை’ என்று மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கையில் தம்பி அவர்களுடைய கிடங்குக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காதின் மேல்விளிம்பு தையல் போட்ட இடத்தில் முறுக்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, அன்னிக்கு நடந்ததைச் சொல்லிடாதீங்க. அண்ணன் மேல ஏற்கெனவே ஒரு கேஸ். டிரைவர் ஒருத்தரை அடிச்சதுக்கு, இனிமே யார் மேலயாவது கை வச்சா உள்ளதான்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க.”

“அப்புறம் எதுக்குப் புகார்ல கையெழுத்துப் போட்டீங்க?”

“பேனாவைக் கையில குடுத்துட்டுப் பக்கத்துலயே நின்னாரு.”

“ஆஸ்பத்திரியில காதுக்கு என்ன சொன்னீங்க?”

“வழுக்கி விழுந்துட்டேன்னு.”

“மண்வாரி மேலயா?” என்றார் கணவர், கரணையைத் துடைத்தபடி. தம்பி சிரிக்க முயன்றார். அவருக்கு அது வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை அண்ணன் வந்தார். தம்பி வந்துபோனது அவர் காதுக்கு எட்டியிருந்தது. கிடங்கின் முற்றத்தில் கணவர் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே டின்களை எண்ணிக்கொண்டு, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வருஷம் தாங்காத பசையைக் கொட்டிட்டு, உரிமம் வேற வச்சிருக்கீங்க,” என்றார் அண்ணன். குரலில் கோபமே இல்லை. “விசாரணைக்கு வராதீங்க. நீங்க வரலைன்னா வேலை சுலபமா முடிஞ்சிடும்.”

“வராம எப்படிங்க? எங்க பொழப்பு இது.”

“கான்கிரீட்டுன்னா தலைமுறைக்கும் நிக்கும். இது என்ன, கல்லை வச்சு ஒட்டு வேலை. எந்தக் கையில தேய்ப்பீங்க?”

தொழிலைப் பற்றி யார் எது கேட்டாலும் பதில் சொல்லிவிடுவது அவள் கணவரின் இயல்பு. வேன் கதவின் சட்டத்தைப் பிடித்திருந்த வலக்கையைப் பார்த்து, “இந்தக் கைதாங்க,” என்றார்.

அண்ணன் கதவை உதைத்தார். கதவு கை மேல் மூடிக்கொண்டது. கணவரின் வாயிலிருந்து வந்தது அலறல் அல்ல. இருமலைப்போல ஓர் ஒலி. கதவு திரும்பத் திறந்தபோது அண்ணன் அதை மறுபடியும், இன்னும் நிதானமாக, உதைத்தார். அவள் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவதற்குள் அவர் தெருவில் இருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணுவில் பின்பக்கமாக மடிந்திருந்தன.

மருத்துவமனையில் செவிலி எழுதுகோலோடு கேட்டாள்: “எப்படி ஆச்சு?”

“வழுக்கி விழுந்துட்டேங்க,” என்றார் கணவர்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாறாமல் அதே வாக்கியம். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“இல்லைங்க,” என்றாள் அவள். “வேன் கதவுல வச்சு நசுக்கினாங்க. ரெண்டு தடவை. எழுதிக்கோங்க. நேரம் நாலு இருபது.”

காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு, அடுத்த வார இறுதியில் விசாரிப்பதாகச் சொன்னார்கள். உரிமக் குழுவின் விசாரணை அதற்கு முன்பே இருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது கணவர் இடக்கையால் கரண்டியோடு போராடிக்கொண்டே சொன்னார்: “ரத்தம்னு சொன்னா, ஏன் எழுதலைன்னு கேப்பாங்க. பொய்ப் பதிவுக்கும் உரிமம் போகும். சொல்லாட்டி குறைன்னு போகும். எப்படிப் போனாலும் போகப் போகுது. சும்மா இருந்தா கையாவது மிஞ்சும்.”

“எந்தக் கை?” என்றாள் அவள்.

விசாரணை நாளில் வெயில் சுள்ளென்று அடித்தது. உரிமக் குழுவின் ஆய்வாளர் தலை நரைத்த, அவசரமே இல்லாத மனிதர். முதலில் அந்தத் தெருவையே ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்வீட்டின் தார்த்தளத்தில் கார் ஜாக்கி பதிந்த பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். மூலைவீட்டின் பேவர் பிளாக் சக்கரம் ஓடும் இடத்தில் இரண்டு வாய்க்காலாக இறங்கி, இடுக்கில் புல் முளைத்திருந்ததைக் குறித்துக்கொண்டார். பக்கத்து வீட்டின் ஜல்லியில் பாதி தெருவில் கிடந்தது. பிறகு ரெசின் பாதைக்கு வந்து, சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“என்னத்த வைத்தியர் மாதிரித் தட்டிக்கிட்டிருக்கீங்க?” என்றார் அண்ணன். லாரியிலிருந்து சம்மட்டியை எடுத்துவந்திருந்தார். “உறுதின்னா அது அடியில தெரியணும். பாருங்க.”

ஆய்வாளர் கை காட்டுவதற்குள் சம்மட்டி இறங்கியது. ரெசினில் இரண்டு கற்கள் நொறுங்கி வெள்ளையாயின, வேறொன்றும் ஆகவில்லை. மறுபடி அடித்தார். சம்மட்டி துள்ளியது. தம்பி சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். மூன்றாம் அடியை அண்ணன் தன் கான்கிரீட் பட்டையில் போட்டுக் காட்டினார், காட்டியிருக்க வேண்டாம். பழைய மயிரிழை விரிசல் ஒன்று சடாரென்று வாய் பிளந்து சுவர்வரை ஓடியது.

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்,” என்றார் ஆய்வாளர், குறிப்பெடுத்தபடி. “தார் வெயில்ல இளகும். கான்கிரீட் பிளக்கும். பேவர் பிளாக் இறங்கும். ரெசின் எல்லாத்தையும் தாங்கிக்கும். போட்ட அன்னிக்கு உள்ள போனதை மட்டும் மறைக்காது. இந்த நாலு குழியில நீர் போயிருக்கு. நாலே இடத்துல மட்டும் மழை பெய்யாது.” அவள் பக்கம் திரும்பினார். “பதிவேட்டுல ஈரம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க, அம்மா.”

“எழுதியிருக்கேங்க.”

“சரியா?”

“தப்புங்க. அது ரத்தம்.”

அவள் முதல் குழியின் அருகே போய் நின்றாள். “இங்க நின்னாரு. காதைப் பொத்திக்கிட்டு. அடுத்தது இங்க. அப்புறம் இங்க. நாலாவது இடத்துல நான்தான் துடுப்பால தள்ளிவிட்டேன். எட்டு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. மேலேயே தேய்க்கச் சொன்னேன். ரத்தத்தை ஈரம்னு எனக்குத் தோணலைங்க. நம்பிக்கை இல்லைன்னா நாடாவை வச்சு அளந்து பாருங்க. அவர் காதையும் பாருங்க.”

அண்ணன் குழிகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவர் கண் போவதை அவள் கண்டாள். இத்தனை நாளாக அவர் ஊரெல்லாம் காட்டித் திரிந்த குறை தம் கையால் ஆனது என்பது அவர் முகத்தில் மெதுவாக ஏறியது.

“வாயை மூடுடி.”

சம்மட்டி அவர் தோளுக்குமேல் போனது. அவள் நகரவில்லை, நகர நேரமும் இல்லை. கணவர் கட்டுப்போட்ட கையோடு குறுக்கே பாய்ந்தார். ஆனால் அவருக்குமுன் சுவரிலிருந்து தம்பி பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். தலையைக் குனிந்து அண்ணனின் வயிற்றில் முட்டினார். சம்மட்டி அவள் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அண்ணன் முகம் குப்புறக் கான்கிரீட் பட்டையின் விளிம்பில் விழுந்தார். பற்கள் உடையும் சத்தம் தனியாகக் கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். தம்பி விடவில்லை. அண்ணனைப் புரட்டிப்போட்டு, ரெசின் பாதைக்கு இழுத்துவந்து, மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினார். “வழுக்கி விழுந்தேன்!” என்றார். ஒரு குத்து. “வழுக்கி விழுந்தேன்!” இன்னொன்று. மூக்கு நசுங்கியது, கண்புருவம் பிளந்தது. அண்ணனின் கைகள் முதலில் தடுத்தன, பிறகு தேடின, பிறகு தரையில் விரிந்து கிடந்தன. ஆய்வாளரும் கணவரின் இடக்கையும் அவளும் சேர்ந்து தம்பியை இழுத்து எடுக்கும்போது, அவர் விரல்முட்டிகளில் எலும்பு தெரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். இறக்கிவிட்ட பிறகும் அவர் கை மூடியே இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து போயிற்று. பின்னாலேயே காவலர்கள் வந்து, வார இறுதிவரை காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்து, தம்பியின் வாக்குமூலத்தை அவர் வீட்டு வாசற்படியிலேயே வாங்கினார்கள். இந்த முறை அவர் எதையும் மாற்றிச் சொல்லவில்லை; தன் கை செய்ததையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் வேனிலிருந்து வாளியை எடுத்து, பாதையில் கிடந்த ரத்தத்தின்மேல் நீரை ஊற்றினாள். இறுகிய ரெசின் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. நீர் கல்லிடுக்கு வழியாக இறங்கிப் போயிற்று, ரத்தமும் கூடவே போயிற்று. கான்கிரீட் பட்டையில் மூன்று வாளி ஊற்றியும் கறை போகவில்லை. அது புதிய பிளவுக்குள் இறங்கியிருந்தது.

ஆய்வாளர் நான்காம் குழியின் ஓரத்தில் துளைக்கருவியை வைத்து ஓர் உருளைத் துண்டை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார். “ஆய்வுக்கூடத்துல பார்க்கணும்,” என்று மட்டும் சொன்னார்.

பதிமூன்று நாள் அவர்கள் காத்திருந்தார்கள். வேலை எதுவும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவள் கிடங்கின் டின்களை மூன்று முறை எண்ணினாள். கணவர் இடக்கையால் கரணை பிடித்துப் பழகினார். மணலில் அவர் தேய்த்ததைப் பார்த்து, கோழி கிளறினாற்போல் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

ஆய்வாளரின் அலுவலகம் இரண்டாம் மாடியில் ஒரு குறுகிய அறை. மேசைமேல் அந்த உருளைத் துண்டு காகிதங்கள் பறக்காதபடி பாரமாக உட்கார்ந்திருந்தது. வெளியே மழை. அவர் தட்டச்சிட்ட தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வாசிக்காமல் சுருக்கமாகச் சொன்னார்.

“தளம் நல்ல தளம். இன்னும் பதினஞ்சு வருஷம் போகும். குழிக்குக் காரணம் ரத்தம். கூடத்துல உறுதி பண்ணிட்டாங்க. புகார் தள்ளுபடி. நாலு இடத்தையும் வீட்டுக்காரங்கதான் சரிபண்ணிக்கணும். உரிமம் ரத்து இல்லை.”

கணவர் மூச்சு விட்டார்.

“ஆனா பதிவு பொய்ப் பதிவு. நாலு மாசம் உரிமத்தை நிறுத்தி வச்சிருக்கேன்.”

“ரத்தத்துக்குப் பதிவேட்டுல கட்டம் இல்லையேங்க,” என்றார் கணவர்.

“ஈரத்துக்கு இருக்கே. இடையூறுன்னு இன்னொரு கட்டமும் இருக்கு. ஒரு மனுஷன் காது கிழிஞ்சு கீழே கிடந்திருக்காரு. அம்மா அதுக்கும் இல்லைன்னுதான் எழுதியிருக்காங்க.”

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

“சரிதாங்க,” என்றாள்.

“விரலுக்கு டாக்டரும் நாலு மாசம்தான் சொல்லியிருக்காரு,” என்றார் கணவர், யாரிடமென்று இல்லாமல். “பேசி வச்சிக்கிட்டீங்களோ என்னமோ.”

ஆய்வாளர் சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவுமில்லை. பேனாவைத் திறந்து, தாளின் அடியில் நிதானமாக ஒப்பமிட்டார். நீட்டினார். அவள் தாளின் மேல்பக்கத்தைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை.

“தேதி மட்டும்தாங்க இருக்கு. நேரம் எழுதலை.”

ஆய்வாளர் அவளைப் பார்த்தார், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சன்னலைப் பார்த்தார். தாளைத் திரும்ப மேசைமேல் வைத்து, தேதிக்குப் பக்கத்தில் ‘காலை பதினொன்று இருபது’ என்று எழுதினார். சற்று யோசித்து, ‘மழை’ என்பதையும் சேர்த்தார். மை காயும்வரை உருளைத் துண்டால் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்து, பின்பு தாளை அவள் கையில் கொடுத்தார்.